சோயா நிறுத்திய எட்டு மாதம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறில் நெடில் சொல்லிக்கொடுப்பது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. கல், கால். பல், பால். கொடு, கோடு. கொஞ்சம் நீட்டினால் அர்த்தமே மாறிவிடும் என்று மேசையில் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுச் சில பிள்ளைகளை அழவும் வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், போன வருடம் ஒரு குறிலை நெடிலாகக் கேட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யார் மேலாவது பழி போட இடம் இருந்திருந்தால் முதல் வரியிலேயே போட்டிருப்பேன். என் சுபாவம் அப்படி.

எனக்கு இடது மார்பில் கட்டி. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்து, மலையிறங்கிப் போகவேண்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் என்று சொல்லி, மார்பை எடுத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பயந்தேன். வீட்டுக்காரர் முன்னாலும் மகள் முன்னாலும் பயப்படாத மாதிரி இருந்தேன். குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது அக்காவைப் பற்றி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். திம்புள்ளப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே இன்னும் கொழுந்து பறிக்கிறாள். நான் படித்து டீச்சராகி ரோட்டோரத்தில் வீடு கட்டி இறங்கி வந்துவிட்டேன். அவள் அதே லயத்து வரிசை வீடுகளில், அதே ஒற்றை அறைக் காம்பராவில். நடுவில் இரண்டு வளைவு ரோடுதான் தூரம். புருஷன் இறந்து பத்து வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நாலு வருடம் போனாளோ என்னவோ. ஆனால் அவள் பேசுகிற சிங்களத்தைக் கேட்க வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்கள் அவளோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்கள் கேலி செய்தால் அதே வேகத்தில் திருப்பிக் கொடுப்பாள், சண்டையென்றாலும் விடமாட்டாள். என் சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் மரக்கறி விலை கேட்கவும் போதும். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் போனால் தலையாட்டுவேன்.

ஒப்பரேஷன் முடிந்து முதல் கிளினிக்குக்குப் போகிற வாரம் அக்கா வந்து, நானும் வரவாடி, டொக்டர் சொல்றதக் கேட்டுச் சொல்றேன் என்றாள். வேண்டாம், எனக்கு விளங்கும் என்றேன். காரணம் அதுவல்ல. வெற்றிலைக் காவி ஏறிய அந்த வாயும், மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரலும், ரப்பர் செருப்பும், கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அங்கே என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் கூட வந்தார். பெண்கள் கிளினிக் என்பதால் வெளியே நின்றார். உள்ளே டொக்டர் தன்மையான மனிதர், சிங்களவர், நடுநடுவே இங்கிலிஷ் கலந்து பேசினார். கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது, இனி மருந்து ஏற்ற வேண்டும் என்பது வரைக்கும் எனக்குப் பிடிபட்டது. பிறகு என் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டே ஒன்று சொன்னார். இன்று அதை எழுத்துப் பிசகாமல் சொல்ல என்னால் முடியும்.

"பவுலே காட்ட ஹரி மே லெடே தியெனவத கியலா சொயா பலன்ன."

அன்று என் காதில் விழுந்தது நாலு சொல். பவுலே என்றால் குடும்பம். லெடே என்றால் வியாதி. பலன்ன என்றால் பாருங்கள். நடுவில் இருந்தது சோயா. சோயாவுக்கு எதற்கு அகராதி?

விளங்கியதா என்று கேட்டார். "ஹரி, டொக்டர்" என்று, சரியென்பதாகத் தலையாட்டினேன். விளங்கவில்லை டீச்சர் என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால் நான் தட்டிக்கொடுப்பேன். எனக்கு எழுந்து நிற்க வரவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த நாலு சொல்லையும் இடைவெளி நிரப்புகிற கணக்காகப் பொருத்திப் பார்த்தேன். குடும்பத்தில், வியாதி, சோயா, பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பமே சோயா விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வியாதி. வேறென்ன இருக்க முடியும்? கினிகத்தேனையில் பஸ் நின்றபோது அது சந்தேகமாக இருந்தது. ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது டொக்டர் கட்டளையாகிவிட்டது. அன்று மாலையே சொந்தக்காரப் பெண் ஒருத்தி, யாரோ பேசியதைப் போனில் அனுப்பியிருந்தாள். சோயாவில் பெண்களின் ஹோர்மோன் மாதிரி ஒன்று இருக்கிறதாம், மார்பில் கட்டி வந்தவர்கள் தொடவே கூடாதாம். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படாத குறைதான்.

எங்கள் பக்கத்தில் சோயா மீட் இல்லாத வீடு கிடையாது. சம்பளத்துக்கு முந்தின வாரமும் அதுதான், விரத நாளிலும் அதுதான், திடீரென்று ஆள் வந்தாலும் அதுதான். சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, நுரை போகப் பிழிந்து, உருளைக்கிழங்கு போட்டு வைப்போம். அக்கா வைத்தால் அதற்குத் தனி ருசி. தேங்காயை வறுத்து அம்மியில் அரைத்து, கடைசியில் மிளகைத் தட்டிப் போடுவாள். இறைச்சியே தோற்றது போ என்று இருக்கும். சின்ன வயதிலிருந்து அவள் கையால்தான் அதைச் சாப்பிட்டு வளர்ந்தேன்.

மறுநாளே வீட்டிலிருந்த பாக்கெட்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். சோயா சோஸ் போத்தல் போனது. அது ஊற்றிச் செய்வதால் கொத்து ரொட்டியும் போனது. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என்னோடு சேர்ந்து பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிப்பார். மூன்று மொழியிலும் சோயா இருந்தது. சிங்களத்திலும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதில் நெடில் குறி போட்டிருந்தது. பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எதுவும் உறைக்கவில்லை. மகள் பொறுக்க முடியாமல், இனி காற்றிலும் சோயா இருக்கிறதா என்று பார்க்கலாம் அம்மா என்றாள். அவளை ஏசினேன். டொக்டர் குடும்பத்துக்கே சொல்லியிருக்கிறார், உனக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். மருந்து ஏற்ற ஆரம்பித்து முடி கொட்டத் தொடங்கியதும் எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. இத்தனை வருடம் சாப்பிட்ட சோயாவை நினைத்தேன். அதை ஆக்கிப் போட்ட கையை நினைத்தேன். அப்படியே மனது அங்கே போய் நின்றுவிட்டது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டிபன் கேரியரோடு வந்தாள். முதல் தட்டில் சோறு, இரண்டாவதில் சோயா மீட். மூடியைத் திறந்ததும் அந்த வறுத்த தேங்காய் வாசம் வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் என்னை இன்னும் வெறியாக்கியது.

"என்னையக் கொல்லப் பாக்குறியாக்கா?" என்றேன். "இதத் தின்னுதான் எனக்கு வந்திச்சு. டொக்டரே சொல்லிட்டாரு. ஒன் கையாலதான் தின்னேன்."

சண்டையென்றால் விடாத அக்கா, டொக்டரா சொன்னாரு என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். ஆமா என்றேன். மூடியைப் போட்டுக் கேரியரைப் பூட்டினாள். பிறகு வலது கையைச் சேலைக்குள் தோள் பக்கமாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ரவிக்கையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்து, சரி நான் வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. யாராவது இறங்கி வந்தால் கீரையும் பட்டர் புரூட் பழமும் கொடுத்தனுப்புவாள். அவளுக்குக் கோபம், தானாகத் தீரட்டும் என்று விட்டேன். நானும் போகவில்லை. இரண்டு வளைவு ரோடு.

எட்டு மாதம் அப்படிப் போனது. மருந்து ஏற்றும் வாட்டில் இரத்தம் எப்படி, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா என்பதுதான் பேச்சு. சாப்பாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. மருந்து வாசத்தோடு சேர்ந்து மீனும் முட்டையும் வயிற்றைப் புரட்டின. கொஞ்சம் இறங்கியிருக்கக்கூடியது சோயாதான், அது கூடாது. ரசமும் சோறும் பாணும் தின்று பதினொரு கிலோ இளைத்தேன்.

மருந்தெல்லாம் முடிந்த பிறகு போன கிளினிக்கில், நிறை பார்த்த மிஸ் தராசை இரண்டு தடவை பார்த்தார். நேர்ஸ்மாரை நாங்கள் மிஸ் என்றுதான் சொல்வோம். இவர் எங்கள் பக்கத்துப் பெண், ஹட்டன் பக்கம். பேச்சிலேயே தெரிந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். சோயாவை நிறுத்திவிட்டேன் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"சோயாவ யாருங்க டீச்சர் நிப்பாட்டச் சொன்னது?"

டொக்டர் என்றேன். அவர் என் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி முதல் கிளினிக் பக்கத்தை எடுத்தார். சோயா என்று எதுவும் இல்லை. கடைசியில் இங்கிலிஷில் ஒரு வரி இருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று விசாரித்து வரச் சொல்லப்பட்டது என்று. அதற்குப் பக்கத்தில் பதில் எழுத விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. இதை நீங்கள் வந்து சொல்லவே இல்லையே என்றார். டொக்டர் அன்று சொன்னதை, எனக்குக் கேட்டபடி அவருக்குச் சொல்லிக் காட்டினேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அது சோயா இல்லீங்க டீச்சர். சொயா. சொயா பலன்னன்னா, விசாரிச்சுப் பாருங்கன்னு அர்த்தம்."

சாப்பாடாகச் சாப்பிடுகிற சோயாவால் பயமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம், கடையில் மாத்திரையாகவும் பவுடராகவும் விற்பதை மட்டும் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். நான் அதைக் கேட்கவில்லை. குறில், குறில் என்று ஒரே சொல் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கும்போது மிஸ் ஞாபகமாகக் கேட்டார். அக்கா தங்கச்சி இருக்கிறார்களா, அவர்களைப் பரிசோதித்தார்களா?

மலை ஏறும்போதும் இறங்கும்போதும் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். அன்றைக்கும் அப்படிக் காது அடைத்துத்தான் கிளினிக்குக்குப் போயிருப்பேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. காது நன்றாகத்தான் கேட்டது. திருப்பிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகாமல் நேரே லயத்துக்கு ஏறினேன். அந்திக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பலகையைத் தட்டிப் போட்டாள். எதுவுமே நடக்காத மாதிரி, இப்படியா இளைச்சுப் போவ என்றாள். அவளும்தான் இளைத்திருந்தாள். உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அக்கா, நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் இது இருக்கா?"

எதுக்கு இப்பக் கேக்குற என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்றேன். எப்போது கேட்டார்கள் என்றாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எட்டு மாசத்துக்கு முன்ன என்றேன்.

அக்கா விறகை உள்ளே தள்ளிவிட்டுக் கையைத் துடைத்தாள். என் கையைப் பிடித்து, சேலைக்குள் கொண்டுபோய், அவள் மார்பில் தோளுக்குக் கீழே வைத்தாள். அது கையில் தட்டியது. பெரிதாக இருந்தது. என்னுடையது ஒரு கடலைக்கொட்டை அளவில் இருந்தபோதே நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள்.

"அன்னைக்கு இதச் சொல்லத்தான்டி கறியும் சோறும் எடுத்துக்கிட்டு வந்தேன்" என்றாள். "அப்ப சின்னதா இருந்திச்சு. சோயா தின்னுதான் வந்திச்சுன்னு டொக்டரே சொன்னாருன்னு நீ சொன்னியா, வந்து அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். நிப்பாட்டுனா கரைஞ்சிரும்னு நெனச்சேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கரையுதா கரையுதா என்று குளிக்கும்போதெல்லாம் தடவிப் பார்த்ததாகவும், படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுப்போம் என்று இருந்ததாகவும் சாதாரணமாகச் சொன்னாள். நான் அவள் மடியில் தலையை வைத்து, அடுப்பு அணைந்தது தெரியாமல் அழுதேன். அது சோயா இல்லை, சொயா என்று எடுத்துச் சொன்னபோது அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய கை அப்படியே நின்றது. என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல என்றாள். திரும்பவும் தடவினாள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகாதே என்று அவளைக் கையோடு டவுனுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். ஊசி குத்திப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் மூன்று வாரம் அக்கா என் வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அடுப்பில் சோயா கொதிக்கிறது. மகள் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அக்காவும் ரசித்துத்தான் சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து இறக்கினேன். நல்லா இல்லையாடி என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்று இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

முடிவு சொன்ன அன்று நானும் அக்காவும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலை வாய், ரப்பர் செருப்பு, எல்லாவற்றோடும். உள்ளே அதே டொக்டர். என்னை அவருக்கு ஞாபகமில்லை, முடி இப்போதுதான் முளைத்து வருகிறது. அவர் அக்காவிடம் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். அக்கா இடையில் இரண்டு கேள்வி கேட்டாள். விளங்காத இடத்தில் அவரை நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, வேறு யாருக்கோ வந்த செய்தியைப் போலத் தமிழில் சொன்னாள். கட்டி பெரிசாகிவிட்டது, கக்கத்துக்கும் போயிருக்கிறது, உடனே வெட்ட முடியாது, முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்க்கலாம் என்கிறார். முன்பே வந்திருந்தால் என்று டொக்டர் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அவர் புதுக் கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே தலை நிமிராமல், பவுலே காட்ட ஹரி மே லெடே என்று ஆரம்பித்தார். சொயா வரைக்கும் அவரைப் போக அக்கா விடவில்லை.

"மகே நங்கிட்ட தியெனவா" என்றாள். என் தங்கச்சிக்கு இருக்கிறது.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். என் கொப்பியில் எட்டு மாதம் வெறுமையாகக் கிடந்த அந்த இடம், அக்காவின் கொப்பியில் ஒரு நிமிடத்தில் நிரம்பியது.